மிச்சம் பிடிக்கும் டயர்... ரோட்டைப் பிடிக்குமா?

செமஸ்டர் முடிந்ததும் கொடைக்கானல் டூருக்கு ப்ளான் போட்டாச்சா? வேன் பேசியாச்சு, ஆளுக்கு எவ்வளவுன்னு கணக்கும் போட்டாச்சு, ஸ்நாக்ஸ் லிஸ்ட் கூட ரெடி. சரி, அந்த வேனோட டயரை யாராவது பார்த்தீங்களா? "அதெல்லாம் டிரைவர் அண்ணன் பார்த்துப்பார்"னு சொல்றவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

டயர் மேட்டரில் கொஞ்ச வருஷமாக ஒரு வார்த்தை பிரபலம். 'எரிபொருள் சேமிக்கும் டயர்'. ஈகோபியா, ஃப்யூவல்ஸ்மார்ட் என்று பெயரிலேயே சிக்கனத்தை ஒட்டிக்கொண்டு வருகிற டயர்கள் நிறைய. இதைப் போட்டால் பெட்ரோல் நிஜமாகவே மிச்சமாகுமா? எவ்வளவு? அந்த மிச்சத்துக்காக வேறு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டி வருமா?

இதைச் சோதித்துப் பார்க்க ஆயக்குடியை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஆயக்குடி என்றதும் கொய்யாப்பழம் ஞாபகம் வரும். குரூப் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு அங்கே வார விடுமுறையில் நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்பு ஞாபகம் வரும். ஆனால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஊர் வேறு மாதிரி. பழனிக்குப் பக்கத்திலேயே, மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் போகும் ரோடு. பெரிய ஏற்றம் கிடையாது, கால் வைத்தால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் பழனியிலிருந்து வரதமாநதி அணையைத் தாண்டி, சவரிக்காடு, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் ஏறும் மலைப்பாதை. ஒரே வண்டி, ஒரே டயர், ஆனால் ரெண்டு உலகம். கொய்யாக் கூடை ஏற்றிய மினி வேனும், டூரிஸ்ட் ஏற்றிய காரும் தினமும் இந்த ரெண்டு உலகத்திலும்தான் ஓடுகின்றன.

மூணு டிரைவர், மூணு பதில்

எந்த ஊர் டாக்ஸி ஸ்டாண்டாக இருந்தாலும் சரி, "சிக்கன டயர் எப்படிண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் மூணு வகையாகத்தான் வரும்.

"போட்ட அன்னைக்கே மைலேஜ் ஏறிடுச்சு தம்பி!"

"அட ஏன் கேக்குற... புது டயர் போட்டதுக்கப்புறம் மைலேஜ் இறங்கிப்போச்சு."

"எல்லா டயரும் ஒண்ணுதான்ப்பா. ஒரு வித்தியாசமும் தெரியல."

இதில் யார் பொய் சொல்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை! மூணு பேருமே தான் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பார்த்ததற்குக் காரணம் டயர்தானா என்பது வேறு கேள்வி. ஒவ்வொருத்தராக எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் ஒரு குட்டி ஃபிளாஷ்பேக்.

ரப்பர் ஏன் பெட்ரோல் குடிக்குது?

1887. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம். ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் பையனின் மூணு சக்கர சைக்கிளுக்காக ஒரு ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். வேலை செய்கிறதா என்று பார்க்க, பழைய சக்கரத்தையும் காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதியில் விழுந்தது. காற்றுச் சக்கரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷமே, 1888-ல், காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரு விதத்தில் பார்த்தால் உலகத்தின் முதல் 'எரிபொருள் சேமிக்கும் டயர்' அதுதான். சேமித்தது பெட்ரோலை அல்ல, பையனின் கால் வலியை!

டயர் ரோட்டில் உருளும்போது, தரையைத் தொடுகிற இடம் நசுங்குகிறது. தாண்டியதும் பழையபடி நிமிர்கிறது. நசுக்க எவ்வளவு சக்தி கொடுத்தோமோ, அவ்வளவையும் ரப்பர் நிமிரும்போது திருப்பித் தராது. நடுவில் கொஞ்சம் கமிஷன் அடித்துவிடும். அந்தக் கமிஷன் சூடாகப் போய்விடும். லாங் டிரைவ் முடித்ததும் டயரைத் தொட்டால் சுடுகிறதே, அந்தச் சூட்டில் நீங்கள் போட்ட பெட்ரோலும் இருக்கிறது, பாஸ். இந்த இழப்புக்குத்தான் உருளும் தடை என்று பெயர்.

இந்தக் கமிஷனைக் குறைக்கத்தான் டயர் கம்பெனிகள் மண்டையை உடைத்துக்கொண்டன. 1946-ல் பிரான்சின் மிஷலின் கம்பெனி ரேடியல் டயருக்குக் காப்புரிமை எடுத்தது. உள்ளே இருக்கும் நூல் அடுக்குகளை வேறு திசையில் போட்டதால் வீணாக நெளிவது குறைந்தது. (அதே 1946-ல்தான் நம்ம சென்னை திருவொற்றியூரில், பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆன கம்பெனி பலூன் செய்ய ஆரம்பித்தது!) 1992-ல் மிஷலின் அடுத்த அடி எடுத்து வைத்தது. டயர் ரப்பரில் வழக்கமாகக் கலக்கும் கரித்தூளில் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைக் கலந்தது. சிலிக்கா யார் தெரியுமா? மணலுக்குச் சொந்தக்காரன்தான். 'பச்சை டயர்' என்று பெயர் வாங்கியது அதுதான். நிறம் என்னவோ கறுப்பு!

2 சதவீதமா, 20 சதவீதமா?

விளம்பரத்தில் '20 சதவீதம் குறைவான உருளும் தடை' என்று போட்டிருந்தால், பெட்ரோல் 20 சதவீதம் மிச்சம் என்று அர்த்தம் இல்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள்.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அகாடமியின் போக்குவரத்து ஆராய்ச்சிக் குழு 2006-ல் ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் ஒரே வரிதான். உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால், மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் கூடும். அப்படியென்றால் 20 சதவீதம் குறைந்தால் 2 முதல் 4 சதவீதம். காரணம் சிம்பிள். இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள, ஏசி ஓட, சிக்னலில் நிற்க, எதிர்காற்றைக் கிழிக்க ஆகிற செலவெல்லாம் டயர் மாற்றினால் குறையாது.

சரி, காசாகப் பார்ப்போம். சராசரியாக 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார். கணக்குக்குச் சுலபமாக பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்.

வருஷத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸி என்றால் 2,000 லிட்டர் பெட்ரோல். 3 சதவீதம் என்பது 60 லிட்டர், அதாவது 6,000 ரூபாய். சொந்தக் காசில் பெட்ரோல் போடும் டிரைவருக்கு இது சின்னத் தொகை இல்லை. பொண்ணுக்கு ஒரு செமஸ்டர் பஸ் பாஸும் புத்தகமும் வாங்கிவிடலாம்.

அதே டயரை, வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் உங்கள் வீட்டுக் காரில் போட்டால்? மிச்சம் 12 லிட்டர், 1,200 ரூபாய். மாசத்துக்கு 100 ரூபாய். மோசமில்லை, ஆனால் இதற்காக நல்லா இருக்கிற டயரைக் கழற்றி எறிவது புத்திசாலித்தனம் இல்லை. டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வரும்போது யோசித்தால் போதும்.

இப்போ மூணு டிரைவருக்கும் வருவோம்

முதல் டிரைவர்: "மைலேஜ் ஏறிடுச்சு!"

ஏறியிருக்கும். ஆனால் புது டயர் போடும்போது கடையில் வேறு என்னவெல்லாம் நடந்தது? நாலு டயரிலும் சரியான காற்று அடித்தார்கள். வீல் அலைன்மென்ட், பேலன்சிங் பார்த்தார்கள். அதுவரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, காற்றுக் குறைந்து ஓடிய வண்டி அது. அலைன்மென்ட் கெட்ட வண்டியில் சக்கரம் உருள்வதோடு கொஞ்சம் உரசிக்கொண்டும் போகும். அதைச் சரி செய்ததில் கிடைத்த மிச்சமும் டயரின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதோடு, காசு கொடுத்து வாங்கிய பிறகு எல்லாரும் ஒரு வாரம் மெதுவாகத்தான் ஓட்டுவோம். இல்லையா?

ரெண்டாவது டிரைவர்: "மைலேஜ் இறங்கிப்போச்சு!"

இவர் கதைதான் சூப்பர். பழைய டயர் தேயத் தேய அதன் விட்டம் குறையும். சின்னக் கார்களில் இருக்கும் 175/65 ஆர்14 சைஸ் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். புதுசில் அதன் விட்டம் சுமார் 583 மில்லிமீட்டர். சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருந்த பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால், விட்டத்தில் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர் போச்சு. அதாவது 2 சதவீதத்துக்கு மேல். சக்கரம் சின்னதானால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்ற வேண்டும். வண்டியின் மீட்டர் சுற்றைத்தானே எண்ணுகிறது? 100 கிலோமீட்டர் ஓடினால் 102 என்று காட்டும். அந்த 102-ஐ வைத்து மைலேஜ் போட்டவர், புது டயருக்கு மாறியதும் மீட்டர் சரியாக 100 காட்டுகிறது. "2 போச்சே!" என்று வருத்தப்படுகிறார்.

இன்னொன்றும் உண்டு. தேய்ந்த டயரில் நசுங்குவதற்கு ரப்பரே கம்மி. அதனால் அது புது டயரை விட லேசாகவே உருளும். யோசித்துப் பாருங்கள்... மொட்டை டயர்தான் பெட்ரோலை நல்லா மிச்சம் பிடிக்கிற டயர்! ஆனால் மழையில் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளம் அதில் இல்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்கும், ரோட்டைப் பிடிக்காது. மைலேஜை மட்டும் வைத்து ஒரு டயரை 'நல்ல டயர்' என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் வேண்டுமா?

மூணாவது டிரைவர்: "வித்தியாசமே தெரியல!"

எப்படித் தெரியும்? 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 15.45 கொடுக்கிறது. அரை கிலோமீட்டர் கூட இல்லை. ஒரு தடவை பங்கில் டேங்க் 'ஃபுல்' என்று நிறுத்தியதற்கும், அடுத்த தடவை நிறுத்தியதற்கும் நடுவே ஒரு லிட்டர் முன்னே பின்னே இருக்கலாம். 35 லிட்டர் டேங்கில் ஒரு லிட்டர் என்பதே கிட்டத்தட்ட 3 சதவீதம். தைப்பூச சீசனில் பாதயாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே பழனி ரோட்டில் ஊர்ந்தால், டயரின் மிச்சமெல்லாம் ஒரே நாளில் காணாமல் போய்விடும். மிச்சம் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது. மாசக் கணக்கில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில்தான் அது வெளியே வரும்.

ரோடு ஒன்று, மலை இன்னொன்று

இப்போ ஆயக்குடி லேபுக்குள் நுழைவோம். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடை உள்ள கார். சாதாரண ரேடியல் டயரில், நல்ல தார் ரோட்டில், 100 கிலோ எடைக்குச் சுமார் 1 கிலோ இழுவை தேவை. ஆக, டயரை உருட்ட மட்டும் 13 கிலோ இழுக்க வேண்டும். 20 சதவீதம் தடை குறைந்த டயர் என்றால் 10.4 கிலோ. மிச்சம் 2.6 கிலோ.

ஒட்டன்சத்திரம் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், எதிர்காற்றைக் கிழிக்க இன்னொரு 12 கிலோ சொச்சம். மொத்தம் சுமார் 25. அதில் 2.6 மிச்சம் என்றால் பத்தில் ஒரு பங்கு. டயர் தன் வேலையைக் காட்டுகிற இடம் இதுதான்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்குப் போனால்? சுமார் 64 கிலோமீட்டரில் 1,800 மீட்டர் உயரம் ஏறுகிறோம். சராசரியாக 100 மீட்டருக்கு 2.8 மீட்டர் ஏற்றம். அதே காரைத் தூக்கிக்கொண்டு ஏற மட்டும் 36 கிலோ இழுவை வேண்டும். இது சராசரிதான். செங்குத்தான இடத்தில் இதை விட ரெண்டு மடங்குக்கு மேல் போகும். டயரும் காற்றும் சேர்த்தால் மொத்தம் 54 கிலோ பக்கம். அதில் அதே 2.6-தான் மிச்சம். இருபதில் ஒரு பங்கு!

டயர் மாறவில்லை, ரோடு மாறியது. திண்டுக்கல் ரோட்டில் ஓடுகிறவர் "நல்ல டயர்" என்பார், மலை ஏறி இறங்குகிறவர் "சுமார்தான்" என்பார். ரெண்டுமே சரி. அதனால் யாராவது டயரைப் பற்றி அனுபவம் சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த டயர்?" இல்லை. "அண்ணே, எந்த ரோட்ல ஓட்டுறீங்க?"

மலை இறங்கும்போது இன்னொரு 'சிக்கன' பழக்கம் உண்டு. நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டி விடுவது. ப்ளீஸ், இது வேண்டாம். இன்றைய ஃப்யூவல் இன்ஜெக்ஷன் கார்களில், கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இறக்கத்தில் பெட்ரோல் சப்ளை தானாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் குடிக்கும். போதாக்குறைக்கு இன்ஜின் பிடிப்பு போய்விடும், மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். கொண்டை ஊசி வளைவு வரும்போது சூடேறிய பிரேக் கையை விரித்தால்? உருளும் தடை குறைந்த டயர் இறக்கத்திலும் லேசாகத்தான் உருளும். அதனால் கியர்தான் உங்கள் நண்பன்.

மிச்சமா, பிடிப்பா?

டயர் கம்பெனிகளுக்கு ஒரு முக்கோணத் தலைவலி உண்டு. லேசாக உருள வேண்டும், ஈர ரோட்டில் பிடிக்க வேண்டும், சீக்கிரம் தேயக் கூடாது. ஒன்றை இழுத்தால் மற்றொன்று நழுவும். ரப்பர் நெளிந்து சூடாவதுதான் பெட்ரோலைத் தின்கிறது என்றோம். ஈர ரோட்டைப் பற்றிக்கொள்ளவும் அதே நெளிவுதான் உதவுகிறது! சிலிக்கா வந்த பிறகு ரெண்டையும் ஓரளவு சேர்த்தே கொடுக்க முடிகிறது. ஆனால் எல்லா டயரும் அப்படி இல்லை.

ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் ஒவ்வொரு கார் டயரிலும் லேபிள் ஒட்டுவது கட்டாயம். எரிபொருளுக்கு ஒரு கிரேடு, ஈரப் பிடிப்புக்கு ஒரு கிரேடு, சத்தத்துக்கு ஓர் அளவு. மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஈரப் பிடிப்பின் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் 18 மீட்டர் வரை! நாலு கார் வரிசையாக நிற்கிற நீளம். கொடைக்கானல் ரோட்டில், ஐப்பசி மழையில், பனி இறங்கும் சாயங்காலத்தில், அவ்வளவு தூரம் சும்மா கிடைக்குமா?

நம்ம ஊர் நிலவரம்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, உருளும் சத்தம் மூன்றுக்கும் டயர்கள் குறைந்தபட்சத் தரத்தை எட்ட வேண்டும். புதிய டிசைன்களுக்கு 2022 அக்டோபர் முதல் இது பொருந்தும் என்றது. இன்னொரு பக்கம், ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திரம் ஒட்டுகிற எரிசக்தித் திறன் அமைப்பு, டயருக்கும் நட்சத்திர லேபிள் கொண்டு வந்தது. 2022-ல் மிஷலின் தன் டயர்களுக்கு 5 நட்சத்திரம் வாங்கியது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். நட்சத்திரம் பேசுவது பெட்ரோலைப் பற்றி. மலையில் ஓடப் போகிறவர் கடையில் ஈரப் பிடிப்பைப் பற்றியும் தனியாக வாய் திறந்து கேட்க வேண்டும்.

காசில்லாத டயர்: காற்று

எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும் காற்று இல்லை என்றால் எல்லாம் வேஸ்ட். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நாலு டயரிலும் சராசரியாக 1 பவுண்டு காற்று குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். 33 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 25 இருந்தால் 1.6 சதவீதம் அவுட். சிக்கன டயர் கொடுத்த 3 சதவீதத்தில் பாதிக்கு மேல் காற்றோடு போச்சு!

அதற்காக 33-க்குப் பதில் 42 அடித்தால் மைலேஜ் அள்ளுமே என்று சில பேர் 'டெக்னிக்' சொல்வார்கள். நம்பாதீர்கள். டயர் நடுவில் உப்பி, ரோட்டைத் தொடுகிற பரப்பு சுருங்கும். நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். ஈர வளைவில் வண்டி வழுக்கும். கார் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கிறார்களோ, அதுவே வேதவாக்கு. டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும்.

"கொடைக்கானல் போனா காத்து மாறுமே, குறைச்சுக்கணுமா?" என்று ஒரு சந்தேகம் வரும். அருமையான பிசிக்ஸ் கேள்வி. பழனியில் 35 டிகிரி வெயிலில் 33 பவுண்டு அடிக்கிறீர்கள். மேலே 15 டிகிரி குளிர். குளிரால் சுமார் 3 பவுண்டு குறையும். ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு. அதனால் கேஜ் சுமார் 2.7 பவுண்டு கூடுதலாகக் காட்டும். கூட்டிக் கழித்தால் கிட்டத்தட்ட அதே 33! மலையும் குளிரும் தங்களுக்குள்ளேயே கணக்கு முடித்துக்கொள்கின்றன. நீங்கள் நடுவில் புகுந்து காற்றை இறக்கிவிட வேண்டாம்.

நீங்களே டெஸ்ட் பண்ணலாம்!

கார் இல்லாதவர்களுக்கு: ஹாஸ்டல் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பஸுக்குள் வண்டி வராத, லேசான சரிவு முடிந்து சமதளம் வருகிற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். மிதிக்காமல் உருள விட்டு எங்கே நிற்கிறது என்று டேப்பால் அளங்கள். காற்றைப் பாதியாக்கி மறுபடி அதே ஆள், அதே கோடு. அஞ்சு தடவை செய்து சராசரி எடுங்கள். டன்லப் முற்றத்தில் செய்த அதே சோதனைதான்.

கார் இருப்பவர்களுக்கு: ஒரே பங்க், ஒரே பம்ப், தானாக நிற்கும் வரை மட்டும் நிரப்புங்கள். தூரத்துக்கு வண்டி மீட்டரை நம்பாமல் மொபைலின் ஜி.பி.எஸ்.ஸைப் பாருங்கள். பழைய டயரில் மூணு டேங்க், புது டயரில் மூணு டேங்க். பழைய டயரிலும் முதலில் காற்றையும் அலைன்மென்ட்டையும் சரி செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் போட்டி நியாயமானது. மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்ஸ், இது மினி புராஜெக்ட் ஆகுமா ஆகாதா?

வேன் ஏறுவதற்கு முன் 2 நிமிஷம்

* டயரின் பள்ளங்களுக்கு நடுவே குட்டி மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டதா? கார் டயரில் அதற்கு 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். அந்த டயரில் மலை ஏறக் கூடாது.

* டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நல்லா இருந்தாலும் வயசான ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

* ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று கேளுங்கள். பெருமாள்மலைக்குக் கீழே பஞ்சர் கடையைத் தேடி நடப்பது சுகமான அனுபவம் இல்லை.

* 12 பேர் வண்டியில் 17 பேர் ஏறாதீர்கள். எடை கூடினால் டயர் அதிகம் நசுங்கும், சூடாகும். டிரைவர் அண்ணனின் டீசலும் போகும், டயரும் போகும்.

* "அண்ணே, கீழ இறங்கும்போது கியர்லயே இறக்குங்க"ன்னு மரியாதையாகச் சொல்லுங்கள். அனுபவமுள்ள மலை டிரைவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அப்படிச் சிரிக்காதவரிடம்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்!